கல்லூரியிலும் ப்ராஸ்பெக்டஸ், பங்குச் சந்தையிலும் ப்ராஸ்பெக்டஸ்!

கேள்வி: மகளின் கல்லூரி விண்ணப்பத்தோடு ப்ராஸ்பெக்டஸையும் காசு கொடுத்து வாங்கச் சொல்கிறார்கள். ஐ.பி.ஓ. (ஒரு கம்பெனி முதல் முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பது) செய்திகளிலும் 'ரெட் ஹெர்ரிங் ப்ராஸ்பெக்டஸ்' என்று படிக்கிறேன். இரண்டும் ஒன்றா? எங்கிருந்து வந்த சொல் இது?
– வாசகி, திருப்பூர்

பதில்: அடிப்படை ஒன்றுதான். நம்மிடம் பணம் வாங்குவதற்கு முன்னால், என்ன தரப்போகிறார்கள் என்பதை எழுத்தில் சொல்லும் ஆவணம். இந்தச் சொல்லுக்கு லத்தீனில் முன்னோக்கிப் பார்ப்பது, தொலைவுக் காட்சி என்று பொருள். 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பதிப்பாளர்கள், வரப்போகும் புத்தகத்துக்கு முன்பணம் திரட்ட வெளியிட்ட அறிவிப்பை இப்படி அழைத்தார்கள், நம் பதிப்பகங்களின் முன்வெளியீட்டுத் திட்டம் மாதிரி. 1750-இல் பிரெஞ்சு எழுத்தாளர் தித்ரோவின் கலைக்களஞ்சியத்துக்கு வந்த ப்ராஸ்பெக்டஸ் பிரசித்தம். பத்துத் தொகுதிகள் என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள், 1772-இல் முடிந்தபோது 28 தொகுதிகள், விலையும் மூன்று மடங்குக்கு மேல் போய்விட்டது, கடுப்பான ஒரு சந்தாதாரர் பதிப்பாளர்கள் மேல் வழக்கே போட்டார்!

சரி, பங்குச் சந்தைக்கு வருவோம். இங்கே 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி ப்ராஸ்பெக்டஸில் பொய் சொன்னால் மோசடிக் குற்றம், பத்தாண்டு வரை சிறை உண்டு, அதை நம்பிப் பணம் போட்டு நஷ்டப்பட்டவர் இழப்பீடும் கேட்கலாம். 'ரெட் ஹெர்ரிங்' என்பது பங்கின் இறுதி விலை முடிவாகாத நிலையில் வரும் ப்ராஸ்பெக்டஸ். 'இது இறுதியானது அல்ல' என்ற எச்சரிக்கையை அமெரிக்காவில் அட்டையில் சிவப்பு மையில் அச்சடித்ததால் வந்த பெயர். நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும், முழுக்கப் படிக்க யாருக்கும் நேரமில்லை என்பது புரிகிறது. ஆனால் திரட்டும் பணம் எதற்கு என்ற பகுதியையும் அபாயங்கள் பகுதியையுமாவது படிக்காமல் தயவுசெய்து பணம் போடாதீர்கள். 'ஆஃபர் ஃபார் சேல்' என்று இருந்தால் உங்கள் பணம் கம்பெனிக்குப் போகாது, பங்கை விற்கும் பழைய முதலீட்டாளர்களுக்குத்தான் போகும். அப்புறம், 'செபியே பார்த்துவிட்டது' என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி, அந்தப் பங்கு நல்லது என்று சான்று தருவதில்லை. அதையும் அந்த ஆவணத்திலேயே அச்சடித்திருப்பார்கள்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். ப்ராஸ்பெக்டஸை வாங்கியே ஆக வேண்டும் என்று மாணவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இலேயே அறிவித்திருக்கிறது. பெரும்பாலான கல்லூரிகள் அதை இணையதளத்தில் போட்டுவிடுகின்றன. இறக்கிக்கொண்டு, கட்டணம், விடுதிச் செலவு, சேர்ந்த பிறகு விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற பக்கங்களைப் பத்திரப்படுத்தி வையுங்கள். நாளைக்கு அலுவலகத்தில் வேறு கணக்குச் சொன்னால் நீட்டிக் காட்ட அந்தப் பக்கங்கள்தான் உதவும்.