போகிற ஊரின் விமான நிலையம் மூடியிருந்தால் சார்ட்டர் விமானப் பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி கேட்டவர் ஒரு தொழிலதிபரின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். முதலாளி குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குத் தனி விமானத்தில் போக வேண்டும், அந்த ஊர் ஏர்போர்ட்டை மூடிவிட்டார்களாம், இனி எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறார்.

நான் பாளையங்கோட்டைக்காரன். சென்னையில் சார்ட்டர் விமானங்களுக்கான ஆபரேஷன்ஸ் வேலையில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன். "ஏர்போர்ட் மூடியிருக்கு" என்று யார் சொன்னாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "யாருக்கு மூடியிருக்கு, எத்தனை மணிக்கு மூடியிருக்கு?" என்பதுதான். இதைச் சரியாகப் பார்க்காமல் நான் செய்த ஒரு தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது, ஐப்பசி மாதம். ஐதராபாத்தில் கடை வைத்திருந்த எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவர் காலையிலேயே போன் செய்தார். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அவருடைய அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை, சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்றார். ஐதராபாத்தின் பழைய விமான நிலையமான பேகம்பேட்டில் ஒரு ஜெட் கிடைத்தது. மூன்று மணிக்குக் கிளம்பி நாலரைக்குத் திருவனந்தபுரத்தில் இறங்குவது, அங்கிருந்து நாகர்கோவில் வழியாகக் கார் என்று போட்டேன். திருவனந்தபுரத்துக்கு அன்றைக்கு ஒரு நோட்டாம் இருந்தது. நோட்டாம் என்பது விமானிகளுக்கு விடும் அறிவிப்பு. ஓடுதளம் மூடுவது முதல் விளக்கு எரியாதது வரை எல்லாம் அதில்தான் வரும். அதில் 1030-1530 என்று இருந்தது. காலை பத்தரையிலிருந்து மதியம் மூன்றரை வரை மூடல், நாம் நாலரைக்குத்தானே போகிறோம் என்று விட்டுவிட்டேன்.

நோட்டாமில் எழுதும் நேரம் நம் நேரம் இல்லை, யுடிசி என்கிற உலகப் பொது நேரம். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். அப்படியென்றால் மாலை நாலிலிருந்து இரவு ஒன்பது வரை மூடல். அன்றைக்குப் பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு. பங்குனியிலும் ஐப்பசியிலும் சாமி ஊர்வலம் சங்குமுகம் கடலுக்குப் போகிற வழி அந்த விமான நிலைய ஓடுதளத்தின் குறுக்கேதான் போகிறது. அதற்காக வருஷத்தில் இரண்டு நாள் மாலையில் விமானங்களையே நிறுத்திவிடுவார்கள். நெல்லைக்காரனான எனக்கு இது தெரியாத விஷயமும் இல்லை.

ஃப்ளைட் பிளான் போட உட்கார்ந்த கேப்டன் மதியம் ஒன்றே முக்காலுக்குக் கண்டுபிடித்து என்னைக் கூப்பிட்டார். உடனே மதுரைக்கு மாற்றினோம். ஆனால் கார் திருவனந்தபுரத்தில் நின்றது. மதுரையில் வேறு கார் பிடித்து, அண்ணாச்சி பாளையங்கோட்டை போய்ச் சேரும்போது ஒன்பது மணி. எட்டே காலுக்கு அப்பா தவறிவிட்டார். காலையிலேயே மதுரை என்று போட்டுக் காரையும் அங்கே நிறுத்தியிருந்தால் ஏழரைக்குள் போயிருப்பார். "தம்பி, அப்பாவை உசிரோட பாக்க முடியலை" என்று மட்டும் சொன்னார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றிலிருந்து எந்த நோட்டாம் வந்தாலும் பக்கத்திலேயே நம் நேரத்தைப் பேனாவால் எழுதி வட்டம் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

அதனால் முதலில் உங்கள் ஊர் எந்த வகை மூடல் என்று பாருங்கள்.

அண்ணாச்சி கிளம்பிய பேகம்பேட்டே பேப்பர்படி "மூடிய" விமான நிலையம்தான். 2008 மார்ச்சில் ஐதராபாத்தின் புது விமான நிலையம் ஷம்ஷாபாத்தில் திறந்ததும் டிக்கெட் வாங்கிப் போகிற விமானங்கள் அங்கிருந்து நின்றுபோயின. சார்ட்டரும் விஐபி விமானங்களும் இன்றும் போய்வருகின்றன. பெங்களூர் எச்ஏஎல் விமான நிலையமும் அதே வருஷம் மே மாதத்திலிருந்து அப்படித்தான். இந்த வகை என்றால் உங்களுக்கு லாபம், ஊருக்கு நடுவிலேயே இறங்கலாம்.

நிரந்தரமாகவே மூடியது என்றால் கதை வேறு. ஹாங்காங் காய் டாக் 1998-லும், பெர்லின் டேகல் 2020-லும் மூடின. சிகாகோவில் நகர மையத்தை ஒட்டி ஏரிக்கரையில் மெய்க்ஸ் ஃபீல்ட் என்று சின்ன விமானங்களுக்கான ஓடுதளம் ஒன்று இருந்தது. 2003 மார்ச் இறுதியில் மேயர் ராத்திரியோடு ராத்திரியாகப் புல்டோசர் விட்டு ஓடுதளத்தில் பெரிய பெருக்கல் குறிகளாகத் தோண்டிவிட்டார். நின்றிருந்த விமானங்கள், ஓடுதளத்துக்கு உருண்டு போக வைத்திருக்கும் பக்கத்து டாக்சி பாதையிலிருந்து ஏறிப் போக வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட ஊருக்கு, அந்த வேலை இப்போது எந்த விமான நிலையத்துக்குப் போயிருக்கிறது என்று பார்த்தால் போதும்.

மூன்றாவது, கொஞ்ச நாளைக்கு மட்டும் மூடுவது. ஓடுதளத்துக்குத் தார் போடுவது, புயல், வெள்ளம், போர்ப் பதற்றம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடியபோது அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானங்கள் விட்டார்கள். படைத் தளத்தில் இறங்க முன் அனுமதி வேண்டும், நினைத்த நேரத்துக்குக் கிடைக்காது. கல்யாணத்துக்கு அதை நம்பாதீர்கள்.

சரி, வகை தெரிந்துவிட்டது. அடுத்து பக்கத்து விமான நிலையத்தைத் தேடுவீர்கள். இங்கேதான் நிறையப் பேர் வேகமான விமானத்தைப் பிடித்துவிட்டு மொத்த நேரத்தில் தோற்கிறார்கள். வீட்டு வாசலிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன்.

2025 தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் ஓடுதள வேலை நடந்தது. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை தினமும் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை மூடல். (நோட்டாம் கணக்கில் 0330-1230.) மும்பையிலிருந்து ஒரு குடும்பம் அம்பாசமுத்திரம் வர வேண்டும், வயதான ஆச்சி ஒருவர் கூட வருகிறார். அவர்கள் கேட்டது ஜெட். ஜெட் மதுரைக்கு ஏறக்குறைய ஒரு மணி ஐம்பது நிமிஷம், அங்கிருந்து அம்பாசமுத்திரம் காரில் மூன்று மணி நேரம். மொத்தம் ஐந்து மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் குறைவு.

தூத்துக்குடியின் வாகைகுளம் விமான நிலையம் ஏன் இல்லை என்று கேட்டார்கள். அங்கே அப்போது பயன்பாட்டில் இருந்த ஓடுதளம் 1,350 மீட்டர். வாடகைக்குப் பறக்கிற ஜெட், இருக்கிற நீளத்தில் 60 சதவீதத்துக்குள் நின்றுவிட வேண்டும் என்பது விதி. அப்படியென்றால் கையில் இருப்பது 810 மீட்டர்தான், அவர்கள் கேட்ட ஜெட்டுக்குப் போதாது. ஆனால் கிங் ஏர் மாதிரி இரண்டு புரொப்பெல்லர் வைத்த டர்போபிராப் தாராளமாக இறங்கும். மும்பையிலிருந்து வாகைகுளத்துக்கு அதில் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல், வல்லநாடு, பாளையங்கோட்டை வழியாக அம்பாசமுத்திரத்துக்கு ஒன்றரை மணி. மெதுவான விமானத்தில் அரை மணி நேரம் முந்தி வந்தார்கள், செலவும் குறைந்தது. ஆச்சிக்குக் காரில் பாதி நேரம்தான். அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

இப்போது வாகைகுளத்தில் நிலைமை மாறிவிட்டது. 2025 ஜூலையில் புது முனையம் திறந்தார்கள், ஓடுதளத்தை மூவாயிரம் மீட்டருக்கு மேல் நீட்டியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ராத்திரியில் மதுரையிலிருந்து கார் ஓட்டி வந்தவர்களுக்குத் தெரியும். கயத்தாறில் பழைய உலகப்போர்க் காலத்து ஓடுதளம் கிடக்கிறதே, அங்கே இறங்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். லைசென்ஸ், கட்டுப்பாட்டுக் கோபுரம், தீயணைப்பு எதுவும் இல்லாத இடத்தில் எந்த ஆபரேட்டரும் பயணிகளை இறக்க மாட்டார்.

துபாய், சிங்கப்பூரிலிருந்து நேராக வருவதாக இருந்தால் முதலில் இறங்கும் இடத்தில் குடியேற்றமும் சுங்கமும் இருக்க வேண்டும். மதுரையிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கிறது. ஹெலிகாப்டர் வைத்து மிச்ச தூரத்தை முடிக்கலாம் என்றால் பகல் வெளிச்சத்துக்குள் முடிய வேண்டும், இறங்கும் மைதானத்துக்கு மாவட்ட நிர்வாகத்திடம் சொல்லி அனுமதியும் வாங்க வேண்டும்.

பணம் பேசும்போது பறக்கும் மணிக்கு இவ்வளவு என்பதை மட்டும் கேட்காதீர்கள். விமானம் காலியாக வந்து காலியாகத் திரும்புவதும் உங்கள் தலையில்தான் விழும், மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. சின்ன விமான நிலையத்தில் நிறுத்த இடம் இல்லையென்றால் உங்களை இறக்கிவிட்டு வேறு ஊரில் போய் நிற்கும். அம்பாசமுத்திரம் குடும்பத்துக்கு விமானம் மதுரையில் போய்த்தான் நின்றது, போக வர அந்தக் கட்டணமும் சேர்ந்தது. மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொந்த உபயோக விமானத்தை வாடகைக்கு விட்டால் தொடாதீர்கள். வாடகைக்குப் பறக்க, விமானங்களை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ கொடுத்த அனுமதிச் சீட்டு உண்டு. அதன் நகலைக் கேளுங்கள், இன்சூரன்ஸே அதை நம்பித்தான் இருக்கிறது.

அப்புறம், காரை முதலாவது விமான நிலையத்துக்கு ஒன்று, மாற்று விமான நிலையத்துக்கு ஒன்று என்று இரண்டாகப் போடுங்கள். இரண்டாவது காரின் வாடகை மொத்தச் செலவில் ஒரு மூலைக்கும் காணாது. அண்ணாச்சி விஷயத்துக்குப் பிறகு நான் அதில்லாமல் எந்தப் பயணத்தையும் உறுதி செய்ததில்லை.

கல்யாணத் தேதி, போகிற ஊர், பேசி வைத்திருக்கும் விமானத்தின் மாடல் மூன்றையும் கருத்தில் எழுதுங்கள். அன்றைக்குள்ள நோட்டாமைப் பார்த்து, நம் நேரத்துக்கு மாற்றி எழுதித் தருகிறேன்.