செவ்வகக் குழாயில் அழுத்த இழப்பு சூத்திரத்தை மீறிப் போவது ஏன்?

கேள்வி: நான் இயந்திரவியல் இறுதியாண்டு மாணவன். 20 மி.மீ அகலம், 10 மி.மீ உயரம், 30 செ.மீ நீளமுள்ள செவ்வகக் குழாயில் தண்ணீர் போவதை ஓபன்ஃபோம் என்ற பாய்ம ஓட்ட மென்பொருளில் சிமுலேட் செய்கிறேன். சராசரி வேகம் விநாடிக்கு 5 செ.மீ. பாடப்புத்தகத்தில் உள்ளபடி உராய்வுக் காரணியை 64/ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் உந்தத்துக்கும் பாகுத்தன்மைக்கும் உள்ள விகிதம்) என்று வைத்தால் அழுத்த இழப்பு சுமார் 2.7 பாஸ்கல் வர வேண்டும். எனக்கு ஏறக்குறைய 4 பாஸ்கல் வருகிறது. மெஷ்ஷை (கணக்கிடக் குழாயைப் பிரிக்கும் சிறு செல்களின் வலையை) எவ்வளவு நெருக்கமாக்கினாலும் இறங்கவில்லை. எங்கே தவறு?

பதில்: உங்கள் சிமுலேஷன் பெரும்பாலும் சரியாகவே ஓடியிருக்கிறது. நீங்கள் ஒப்பிட்ட சூத்திரம்தான் இந்த நீளத்துக்குப் பொருந்தாது.

முதலில் நீரியல் விட்டத்தைப் பாருங்கள், அதாவது வட்டமில்லாத குழாய்க்கு விட்டத்துக்குப் பதிலாக வைக்கும் அளவு. பரப்பளவை நான்கால் பெருக்கிச் சுற்றளவால் வகுத்தால் 13.3 மி.மீ. 20 டிகிரி தண்ணீருக்கு ரெனால்ட்ஸ் எண் சுமார் 667. கொந்தளிப்பில்லாமல் அடுக்கடுக்காகப் போகும் லேமினார் ஓட்டம்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் நுழைவாயிலில் எல்லா இடத்திலும் ஒரே வேகம் கொடுத்திருப்பீர்கள். அந்தத் தட்டையான வேகப் பரவல், நடுவில் வேகமும் சுவரில் பூஜ்யமுமாக முழுசாக உருமாற நீளம் தேவை. தோராயமாக 0.06 × ரெனால்ட்ஸ் எண் × நீரியல் விட்டம் என்று எடுத்தால் 53 செ.மீ. உங்கள் குழாயோ 30 செ.மீ. அதாவது குழாய் முழுவதுமே நுழைவுப் பகுதிக்குள் அடங்கிவிடுகிறது.

அந்தப் பகுதியில் இரண்டு காரணங்களால் அழுத்தம் கூடுதலாகச் செலவாகிறது. சுவரை ஒட்டி வேகம் சட்டென்று மாறுவதால் அங்கே உராய்வு அதிகம். கூடவே, நடுவில் போகும் தண்ணீர் 5 செ.மீ வேகத்திலிருந்து ஏறக்குறைய 10 செ.மீ வேகத்துக்கு முடுக்கப்பட வேண்டும். அதற்கும் அழுத்தம்தான் கூலி கொடுக்கிறது. உங்களுக்கு வந்த கூடுதல் 1.3 பாஸ்கல் இந்த இரண்டின் கணக்கு. இது நிஜமான இயற்பியல் விளைவு. அதனால்தான் மெஷ்ஷை நெருக்கியும் அது போகவில்லை.

சரி, எதோடு ஒப்பிடுவது? ஓட்டம் முழுசாக வளர்ந்த நிலையில் செவ்வகக் குழாய்க்குத் துல்லியமான தீர்வே இருக்கிறது. பூசினெஸ்க் 1868இலேயே அதைத் தொடராக எழுதிவிட்டார். உராய்வுக் காரணியையும் ரெனால்ட்ஸ் எண்ணையும் பெருக்கி வரும் மதிப்பு குறுக்குவெட்டின் வடிவத்தை மட்டுமே பொறுத்தது. வட்டக் குழாய்க்கு 64, சதுரத்துக்கு 56.91, உங்களுடையது போல இரண்டுக்கு ஒன்று விகிதத்துக்கு 62.19, நான்குக்கு ஒன்றுக்கு 72.93, இரண்டு இணைத் தகடுகளுக்கு 96. உங்கள் வடிவம் தற்செயலாக 64க்குப் பக்கத்தில் அமைந்ததால் அந்தச் சூத்திரம் இங்கே பெரிதாகக் கெடுக்கவில்லை. நாளைக்கே சதுரக் குழாய் எடுத்தால் கெடுக்கும்.

62.19 வைத்துக் கணக்கிட்டால் ஒரு மீட்டருக்கு 8.73 பாஸ்கல். இந்த எண்ணை மேசையில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். குழாயை 1 மீட்டராக நீட்டுங்கள். நுழைவாயிலையும் வெளிவாயிலையும் ஒப்பிடாமல், 70 செ.மீ, 90 செ.மீ ஆகிய இரண்டு குறுக்குவெட்டுகளில் சராசரி அழுத்தத்தை எடுத்துக் கழியுங்கள். 1.75 பாஸ்கல் வர வேண்டும். அதே இடத்தில் நடுவில் உள்ள உச்ச வேகம் சராசரியைப் போல 1.99 மடங்கு, அதாவது விநாடிக்கு 9.96 செ.மீ இருக்க வேண்டும். இரண்டையும் பாருங்கள், ஒன்று பொருந்தி மற்றொன்று பொருந்தாமல் போவதும் உண்டு.

பொருந்தாவிட்டால் கலங்க வேண்டாம். தவறான எண்ணே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும். மீட்டருக்கு 6 பாஸ்கல் வந்தால் உங்கள் கேஸ் (சிமுலேஷன் அமைப்பு) இரு பரிமாணமாகிவிட்டது என்று அர்த்தம்: பக்கச் சுவர்கள் இல்லாத இணைத் தகடுகளின் விடை அது. ஓபன்ஃபோமோடு வரும் கேவிட்டி பயிற்சிக் கேஸைக் காப்பி செய்து ஆரம்பிப்பவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. அதில் முன்பக்கமும் பின்பக்கமும் 'எம்ப்ட்டி' (அந்தத் திசையில் கணக்கிட வேண்டாம்) என்று குறிக்கப்பட்டிருக்கும்; அவற்றைச் சுவராக மாற்ற மறந்துவிடுவார்கள். 0.00875 வந்தால் அழுத்தத்தை அடர்த்தியால் பெருக்கவில்லை. ஐகோஃபோம், சிம்பிள்ஃபோம் போன்ற அமுக்கமுடியாப் பாய்ம சால்வர்கள் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்கள்) அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்த வடிவிலேயே தருகின்றன. நீங்கள் பாஸ்கலில் சொல்லியிருப்பதால் இதைத் தாண்டிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 8.73ஐவிட அதிகமாக வந்து, வெளிவாயிலை நோக்கிப் போகப் போகக் குறைந்துகொண்டே இருந்தால் ஓட்டம் இன்னும் வளரவில்லை. குழாய் நெடுகிலும் ஒரே சீராக அதிகமாக இருந்தால், கொந்தளிப்பு மாடல் ஏதாவது அணைக்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

மெஷ் விஷயத்தில் இந்தக் கணக்கு தாராளமானது. இரண்டு சமச்சீர்த் தளங்கள் இருப்பதால் கால்பங்குக் குழாய் போதும். 5 மி.மீ அரை உயரத்தில் 10 செல், 10 மி.மீ அரை அகலத்தில் 20 செல், நீளத்தில் 250 செல் என்று 50,000 செல் வைத்தாலே விடை ஒரு சதவீதத்துக்குள் வந்துவிடும். அப்புறம் ஒருமுறை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். நீள வாக்கில் செல்களை நுழைவாயில் பக்கம் நெருக்கமாகவும் பின்னால் அகலமாகவும் வைக்கலாம், அங்கேதான் மாற்றம் நடக்கிறது.

நீங்கள் ஐகோஃபோம் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். அது காலத்தோடு நகரும் சால்வர். சராசரி வேகத்தில் போகும் தண்ணீருக்கு 1 மீட்டரைக் கடக்க 20 விநாடி ஆகும். பாகுத்தன்மையின் தாக்கம் சுவரிலிருந்து 5 மி.மீ தள்ளியுள்ள நடுக்கோட்டுக்குப் பரவ 25 விநாடி அளவில் ஆகும். 5 விநாடி ஓட்டிவிட்டு நிறுத்தினால் பாதியில் எடுத்த படம்தான் கிடைக்கும். 60 விநாடிக்காவது ஓட்டுங்கள். எச்சங்கள் (சமன்பாடுகளில் தீராமல் மிஞ்சும் பிழைகள்) இறங்கிவிட்டன என்பதை மட்டும் நம்பாமல், நான் சொன்ன அந்த இரண்டு குறுக்குவெட்டுகளின் அழுத்த வித்தியாசத்தையே நேரத்துக்கு எதிராக வரைந்து, கோடு படுத்துவிட்டதா என்று பாருங்கள்.

உங்களுக்கு வளர்ந்த ஓட்டம் மட்டுமே தேவையென்றால் இவ்வளவும் வேண்டாம். அந்த நிலையில், பாய்ம ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடு குறுக்குவெட்டில் ஒரே ஒரு பாய்சான் சமன்பாடாகச் சுருங்கிவிடுகிறது. பைத்தானில் முப்பது வரி நிரல் போதும். பெரிய மென்பொருளைத் தொடுவதற்கு முன் மாணவர்கள் எல்லோரும் அதை ஒருமுறை சொந்தமாக எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 62.19 உங்கள் திரையிலேயே விழுவதைப் பார்த்துவிட்டால், ஓபன்ஃபோம் தரும் எண்ணை எப்படி விசாரிப்பது என்று தெரிந்துவிடும்.

உங்கள் ஆய்வுக்கு உண்மையிலேயே 30 செ.மீ குழாய்தான் தேவையென்றால், 4 பாஸ்கலை மாற்ற வேண்டாம். 1 மீட்டர் குழாயில் சரிபார்த்த அதே அமைப்பை வைத்து 30 செ.மீக்கு ஓட்டி, நுழைவுப் பகுதியின் கூடுதல் இழப்பைத் தனியாகக் காட்டி அறிக்கையில் எழுதுங்கள்.