இறுகிய பனிக்கு எந்தச் சறுக்குப்பலகை, விளிம்பை எப்படித் தீட்டுவது?

கீழக்கரையிலிருந்து உத்தராகண்டின் பனிச்சறுக்குத் தலமான ஔலிக்குச் செல்லவிருக்கும் நீங்கள், இயந்திரத்தால் அழுத்திச் சமன்செய்த இறுகிய பனிக்கு ஏற்ற, காலுக்கொன்றாக மாட்டும் சறுக்குப்பலகையைப் (ஸ்கீ) பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நடுப்பகுதி அகலம் 65 முதல் 80 மில்லிமீட்டருக்குள் உள்ள, எளிதில் முறுக்கிக்கொள்ளாத பலகையையே தேர்ந்தெடுங்கள். அகலமான பலகை புதுப்பனியில் மிதக்க உதவும், ஆனால் இறுகிய பனியில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறத் தாமதிக்கும்.

என் கணிப்பில், பலகையைவிட விளிம்பின் கூர்மையே முக்கியம். எஃகு விளிம்பை அடிப்பக்கம் 1 பாகையும் பக்கவாட்டில் 2 பாகையும் சாய்த்து அராவினால், செங்கோணமான 90 பாகையோடு 1 கூடி 2 குறைந்து, விளிம்புக் கோணம் 89 பாகையாகும்; பிடிப்பு இன்னும் வேண்டுமானால் பக்கவாட்டை மட்டும் 3 பாகையாக்கலாம். அடிப்பக்கத்தை அளவுக்கு மீறி அராவிவிட்டால், திருத்துவதற்கு அடித்தளத்தையே தேய்த்தாக வேண்டும். சாணை பிடித்த அரிவாள்மனையில் விரலை இடறுமே ஒரு பிசிறு, அது இங்கும் எழும். வைரத்துகள் பதித்த தீட்டுக்கல்லால் மெல்ல நீக்குங்கள்.

ஊர் திரும்பியதும், நம் உப்புக்காற்றில் விளிம்பு துருவேறாதிருக்க, துடைத்து உலர்த்தி, எஃகும் மூடும்படி மெழுகு பூசி, அந்த மெழுகைச் சுரண்டாமல் வையுங்கள்.