பெட்டி எடை மறைத்த ஐம்பது கோழிகள்

கேள்வி: 2,000 முட்டைக்கோழிகள் வளர்க்கிறேன், வயது 10 வாரம். பத்துப் பத்தாகப் பெட்டியில் அடைத்து நூறு கோழிகளை எடை போட்டேன். சராசரி 900 கிராம், கையேட்டில் உள்ளபடியே. பெட்டிச் சராசரிகளும் 850க்கும் 950க்கும் நடுவில்தான். ஆனாலும் ஐம்பது கோழிகளாவது 700 கிராம்கூடத் தேறவில்லை. நோயோ என்று பயமாக இருக்கிறது. மருந்து விற்பவர் எல்லாவற்றுக்கும் டானிக் கலக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த ஐம்பதைவிட உங்கள் பெட்டிதான் எனக்குக் கவலை தருகிறது.

பத்தைச் சேர்த்து நிறுத்தால் பெரியதும் சிறியதும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். பெட்டிக்குப் பெட்டி தெரியும் சிதறல், கோழிக்குக் கோழி உள்ள சிதறலில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. பத்தின் வர்க்கமூலத்தால் வகுபட்டுவிடுகிறது. உங்கள் எண்களைத் திருப்பிக் கணக்கிட்டால் திட்ட விலக்கம், அதாவது தனிக் கோழியின் எடை சராசரியிலிருந்து பொதுவாக விலகி நிற்கும் அளவு, ஏறத்தாழ 100 கிராம். எடை மணி வடிவில், அதாவது நடுவில் நிறையவும் இரு ஓரங்களில் குறைவாகவும், பரவியிருந்தால் 800 முதல் 1,000 வரை 68 சதவீதம், 700 முதல் 1,100 வரை 95 சதவீதம். 700க்குக் கீழே இரண்டேகால் சதவீதம், அதாவது சுமார் 45 கோழிகள். உங்கள் ஐம்பது எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா? திட்ட விலக்கத்தை 70 கிராமுக்குக் கொண்டுவந்தால், அதே சராசரியில் அந்த 45 நான்கைந்தாகச் சுருங்கும்.

டானிக் என்ன செய்யும்? வேலை செய்தாலும் மொத்தக் கூட்டத்தையும் நகர்த்தும். சிதறலின் அகலம் அப்படியே இருக்கும். தண்ணீரில் கலந்தால் முந்திக் குடிக்கும் பெரிய கோழிக்கே அதிகம் போய்ச் சேரும். விற்பவருக்குச் சராசரி போதும், சீசா காலியாகிவிடும்.

நான் எத்தனை முறை சொன்னாலும் சலிக்காத விஷயம்: ஒவ்வொன்றாக நிறுங்கள். காலையில், தீவனத்துக்கு முன். கொட்டகையின் சில இடங்களில் தட்டியால் மறித்து, உள்ளே சிக்கிய அத்தனையையும், நோஞ்சான் உட்பட. கைக்கு அகப்பட்டதைப் பிடித்தால் மந்தமானவைதான் சிக்கும்.

பிறகு தீவனத் தொட்டியைப் பாருங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் தின்ன இடமிருக்கிறதா? இல்லையெனில் வலியது குருணையைப் பொறுக்கும், எளியதற்குத் தூள் மிஞ்சும். சிறியவற்றைப் பிரித்துத் தனித் தொட்டி வையுங்கள்.

ஒற்றை எடைகளை, எந்த எடையில் எத்தனை கோழி என்று படமாக வரைந்து இரண்டு மேடுகள் தெரிந்தால் மேலே சொன்ன சதவீதங்கள் செல்லாது. அப்போது நோயைச் சந்தேகிக்கலாம். ரத்தக் கழிச்சலுக்கு எச்சப் பரிசோதனை செய்துவிட்டு எழுதுங்கள்.