பீரோவுக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: ஓசூரில் 700 சதுர அடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 14,000. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். கைக்கு வருவது 52,000, மாதம் 9,000 மிச்சமாகும். வீடு முழுக்கச் சாமான். ஒரு அறையில் கால் வைக்கவே முடியாது. காவேரிப்பட்டணத்தில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்த கணவரின் அண்ணன், கொரோனா சமயத்தில் கடையை மூடிவிட்டு அண்டா, குண்டான், கேஸ் அடுப்பு எல்லாவற்றையும் இங்கே இறக்கினார். 21,000 வாடகைக்கு மூன்று படுக்கையறை வீடு ஒன்று வருகிறது. அங்கே போய், 2.5 லட்சம் பர்சனல் லோன் வாங்கி மாடுலர் அலமாரிகள் செய்து வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். 14% வட்டி, மூன்று வருடம். போன் பண்ணிக் கூப்பிட்டுத் தருகிறார்கள். அண்ணன் மறுபடி தொழில் தொடங்க 2022-ல் என் ஆரத்தை அடகு வைத்து 80,000 கொடுத்தோம். வருடா வருடம் வட்டி கட்டித் திருப்பி வைக்கிறோம். அது தவிர வேறு கடன் இல்லை.
– வாசகி, ஓசூர்

பதில்: ‘அது தவிர வேறு கடன் இல்லை’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

நகைக்கடன் வட்டியை 11% என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 8,800. மூன்று முறை திருப்பி வைத்திருந்தால் 26,400 போயிருக்கும். அசல் 80,000 அப்படியே நிற்கிறது. அண்ணன் தொழிலும் தொடங்கவில்லை, பாத்திரமும் உங்கள் வீட்டை விட்டு நகரவில்லை. 120 சதுர அடி அறை என்றால் உங்கள் வாடகைக் கணக்குப்படி அதன் பங்கு மாதம் 2,400. நான்கு வருடத்துக்கு 1.15 லட்சம். அறை காலியானால் ஓனர் வாடகையைக் குறைக்கமாட்டார், அது எனக்கும் தெரியும். ஆனால் 21,000 வீட்டைத் தேட வைத்தது அந்த அறைதானே?

இனி உங்கள் திட்டம். 2.5 லட்சத்துக்கு இ.எம்.ஐ. சுமாராக 8,550 வரும். கூடுதல் வாடகை 7,000. இரண்டும் சேர்ந்து மாதம் 15,550. உங்கள் மிச்சமோ 9,000. துண்டு விழும் 6,550-க்கு எங்கே போவீர்கள்? இருக்கிற மற்ற நகைக்குத்தான். மூன்று வருடத்தில் மொத்தம் 5.6 லட்சம் செலவாகும், புது வீட்டுக்கான அட்வான்ஸ் தனி. இதில் பிராசஸிங் கட்டணத்தைச் சொல்லவே இல்லை. 2% என்றால் 5,000, அதன்மேல் 18% ஜி.எஸ்.டி., ஆக 5,900 பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். கூடவே ஒரு இன்ஷூரன்ஸையும் ஒட்டிவிடுவார்கள். போன் பண்ணிக் கொடுக்கிற கடனுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

மாடுலர் அலமாரியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அது வாடகை வீட்டுக்கான பொருளே இல்லை. சுவர் அளவுக்கு வெட்டி, ஆணியடித்துப் பொருத்துகிறார்கள். 11 மாத ஒப்பந்தம் முடிந்து ஓனர் காலி பண்ணச் சொன்னால், கழற்றிய பலகை அடுத்த வீட்டுச் சுவரில் உட்காராது. சுவரில் ஓட்டை போட்டதற்கு அட்வான்ஸில் பிடித்தாலும் பிடிப்பார்கள். கடன் மட்டும் கூடவே வரும்.

சரி, என்ன செய்யலாம்? பேச வேண்டியது உங்கள் கணவர், நீங்கள் இல்லை. தம்பி கேட்டால் கணக்கு, தம்பி மனைவி கேட்டால் சண்டை என்று ஆகிவிடும். முதலில் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எத்தனை அண்டா, எத்தனை அடுப்பு என்று எழுதி, போட்டோவும் எடுத்து அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவரைக் கேட்காமல் ஒரு கரண்டியைக்கூட விற்காதீர்கள், பொருள் அவருடையது. அவரே எடுத்துப் போகட்டும், இல்லையென்றால் விற்கலாம் என்று தேதி சொல்லிக் கேளுங்கள். விற்கிற பணம் நேராக நகைக்கடனுக்குப் போகும் என்பதையும் அதே பேச்சில் சொல்லிவிட வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் அந்தப் பணம் வேறு ஏதாவது அவசரத்துக்குப் போய்விடும்.

பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போடாதீர்கள். இப்போது ஆடி. ஆவணியில் முகூர்த்தங்கள் தொடங்கும்போது வாடகைப் பாத்திரக் கடைக்காரர்களுக்குச் சரக்கு தேவைப்படும். அடி வாங்கின அண்டாவாக இருந்தாலும் அவர்களுக்கு அது அண்டாதான், எடைக்கு எடுப்பவருக்கு வெறும் அலுமினியம். போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தைப் பக்கம் அண்ணனுக்குத் தெரிந்தவர்கள் இல்லாமலா இருப்பார்கள்? பித்தளை இருந்தால் மட்டும் தனியாக விலை கேளுங்கள்.

45,000 கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். கடன் 35,000 ஆகிவிடும். பகுதிப் பணம் கட்டலாமா என்று வங்கியில் கேட்டுக்கொண்டு மாதம் 9,000 போட்டால் நான்கு மாதத்தில், தை பிறக்கும் முன் ஆரம் வீட்டுக்கு வந்துவிடும். அண்ணன் மறுத்தால்? மறுக்கலாம். அப்போதும் சாமானை அவர் எடுத்துப் போகத்தான் வேண்டும், 80,000-ஐ வட்டியோடு நீங்களே பத்து மாதத்தில் அடைத்துவிடுங்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். திருப்பி வைப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

மற்ற சாமான்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அம்மா வீட்டுச் சீர் பாத்திரம் இருக்கட்டும். என் வீட்டுப் பரணில் மாமனாரின் பழைய டைப்ரைட்டர் இருக்கிறது. இடத்தை அடைக்கிறது, ஆனால் வட்டி கேட்பதில்லை. அடகு ரசீதும் வாடகை ஒப்பந்தமும் மட்டும் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

அறை காலியான பிறகும் துணி வைக்க இடம் போதவில்லை என்றால், கைக்காசில் ஒரு இரும்பு பீரோ வாங்குங்கள். வீடு மாறும்போது அதை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போகலாம்.