மலைக் குளிரில் ஷேவிங்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். தினமும் காலையில் ஷேவ் செய்துவிட்டுத்தான் ஃபீல்டுக்குப் போவேன். மார்கழி, தை வந்தால் கன்னமும் கழுத்தும் வறண்டு, சிவந்து, நாள் முழுக்க எரிகிறது. கடையில் கேட்டால் ஷேவுக்கு முன்னால் போட ஒரு எண்ணெய், அப்புறம் ஜெல், லோஷன், பாம் என்று வரிசையாக எடுத்து வைக்கிறார்கள். எல்லாம் வாங்கினால் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். இதில் எனக்கு அவசியம் எது?

பதில்: இரண்டே போதும். நன்றாக நுரைக்கிற ஒரு ஷேவிங் கிரீம், ஆல்கஹால் சேராத ஒரு பாம் (ஷேவ் முடிந்ததும் தடவும் கிரீம்).

உறைபனிக் காலத்தில் நம் மலைக் காற்றில் ஈரம் குறைந்துவிடுகிறது. தோல் ஏற்கெனவே காய்ந்துதான் இருக்கும். பிளேடு முடியை மட்டும் வெட்டுவதில்லை. தோலின் மேல் படலத்தையும் லேசாகச் சுரண்டிக்கொண்டு போகிறது. உள்ளே இருக்கும் ஈரத்தைக் காப்பது அந்தப் படலம்தான். அது போன முகத்தோடு குளிர்காற்றில் போய் நின்றால் எரியத்தான் செய்யும்.

ஷேவுக்கு முன்னால் போட வேண்டியது வெந்நீர். காய்ந்த தாடி முடி விறைப்பாக இருக்கும். இரண்டு மூன்று நிமிடம் ஈரத்தில் ஊறினால் இளகிவிடும், பிளேடை அழுத்த வேண்டியிருக்காது. அதனால் குளித்த கையோடு ஷேவ் செய்யுங்கள். விடியற்காலையில் குளிக்க முடியாவிட்டால், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை முகத்தில் வைத்திருந்தாலும் போதும். வெதுவெதுப்பாக இருக்கட்டும். கொதிக்கிற நீர் தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசையைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

தாடி மிகவும் முரடாக இருப்பவர்களுக்குத்தான் அந்த எண்ணெய் உதவும். தேங்காய் எண்ணெயே தடவலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நம் ஊர்க் குளிரில் பாட்டிலுக்குள் உறைந்து கிடக்கும் எண்ணெயை உருக்கி இரண்டு சொட்டு தடவினால் பிளேடு வழுக்கிக்கொண்டு போகும், உண்மைதான். ஆனால் பிளேடு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பரு வருகிற முகமென்றால் அது வேண்டவே வேண்டாம்.

டின்னில் வரும் நுரை அவசரத்துக்குச் சௌகரியம். பிரஷ் வைத்துக் குழைத்த கிரீம்தான் என் தேர்வு. அது தண்ணீரை முடியோடு சேர்த்துப் பிடித்து வைக்கிறது, முடியைத் தூக்கியும் நிறுத்துகிறது. டின்தான் வேண்டும் என்றால் ரூம் ஹீட்டர் பக்கத்திலோ அடுப்படியிலோ வைக்காதீர்கள். உள்ளே இருப்பது தீப்பற்றும் வாயு. எது மலிவு என்று பார்க்க அட்டையில் 'ஒரு கிராமுக்கு இத்தனை ரூபாய்' என்று அச்சிட்டிருப்பதை ஒப்பிடுங்கள். பெரிய டியூப் எல்லாமே மலிவு என்று நினைத்துவிட வேண்டாம்.

ஷேவ் முடிந்த பிறகு போடுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். என் அப்பா லோஷனை உள்ளங்கையில் ஊற்றிக் கன்னத்தில் தட்டுவார். சுரீரென்று எரிந்தால்தான் அவருக்குத் திருப்தி. எரிந்தால் கிருமி செத்துவிட்டது என்று நம்பினார். அந்த எரிச்சல், சுரண்டப்பட்ட தோலில் ஆல்கஹால் பட்டதன் எரிச்சல். அது ஆவியாகும்போது தோல் இன்னும் காய்கிறது. மென்தால் தரும் 'ஜில்' என்ற உணர்வும் நரம்புக்குத்தான், தோல் அதனால் ஆறுவதில்லை.

பாம் வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் அதிகமாகச் சேர்ந்த பொருள்தான் முதலில் வரும். முன்பக்கம் கற்றாழைப் படம் பெரிதாக இருக்கும். பின்பக்கம் அது கடைசி வரியில், வாசனைப் பொருளுக்குப் பக்கத்தில் நிற்கும். கிளிசரின் முதல் நாலைந்து பெயருக்குள் இருந்தால் நல்லது. தோலை ஆற்றும் அலன்டாயின், பாந்தெனால் இருந்தால் இன்னும் நல்லது. 'ஆல்கஹால் டீனாட்' என்று மேலேயே இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முகத்தைத் துடைத்துக் காயவிடாமல், ஈரம் இருக்கும்போதே பாமைத் தடவ வேண்டும். பாம் வாங்கக் கையில் காசில்லாத மாதம், ஈர முகத்தில் வாசலின் மெல்லியதாகத் தடவினாலும் ஈரம் நிற்கும்.

நீங்கள் வெயிலில் நிற்பவர் என்பதால் ஒன்று: 1000 மீட்டர் உயரத்துக்குப் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. குளிருகிறதே என்று வெயிலை லேசாக எண்ண வேண்டாம். பாம் தோலில் ஊறியதும் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: ஊட்டி காந்தலில் இருக்கிறோம். வீட்டில் நீலகிரித் தைலம் எப்போதும் இருக்கும். தாத்தா ஷேவ் செய்ததும் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டு முகத்தில் தடவுவார், பிறகு படிகாரம் தேய்ப்பார். கடையில் விற்கும் லோஷனைவிட இது மேல் இல்லையா?

பதில்: படிகாரம் சரி, தைலம் வேண்டாம். தைலம் தண்ணீரில் கரையாது. மேலே மிதக்கும் சொட்டு அப்படியே, அதே வீரியத்தோடு, வெட்டுப்பட்ட தோலில் போய் உட்காரும். இன்னொரு தைலமான வின்டர்கிரீன் வலிக்குத் தேய்ப்பது, அதையும் ஷேவ் செய்த முகத்துப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. தைல பாட்டிலைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். நீலகிரித் தைலத்தை, அதாவது யூகலிப்டஸ் எண்ணெயை, குழந்தைகள் விழுங்கினால் வலிப்புகூட வரலாம்.

படிகாரம் சின்னக் கீறலில் கசியும் ரத்தத்தை நிறுத்தும், விலையும் குறைவு. ஆனால் தோலை உலர்த்தும். அதனால் கீறிய இடத்தில் மட்டும் ஒற்றிவிட்டுக் கழுவிவிடச் சொல்லுங்கள். தாத்தாவின் படிகாரக் கட்டி தாத்தாவுக்கு மட்டும். சலூனிலும் ஒரே கட்டியை எல்லோர் முகத்திலும் தேய்த்தால் வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள். மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாளாவது உயிரோடு இருக்கக்கூடியது. புது பிளேடு போடச் சொல்லிக் கேட்கிறோமே, அதே மாதிரிதான் இதுவும்.

கேள்வி: கூடலூரிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 19 வயது, சுருட்டை முடி. ஷேவ் செய்தால் கழுத்தெல்லாம் சிவப்புப் பொரி. மெடிக்கலில் ஒரு கிரீம் கொடுத்தார்கள்; பத்தே நாளில் மறைந்தது. இப்போது போடாவிட்டால் முன்னைவிட அதிகமாக வருகிறது. அதையே தொடரலாமா?

பதில்: தொடர வேண்டாம், அம்மா. உடனே அந்த டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இவை ஸ்டீராய்டு. சிவப்பை அமுக்கும், ஆனால் முகத்தில் தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், பரு வரும், நிறுத்தியதும் சிவப்பு பொங்கும். உங்கள் மகனுக்கு நடப்பது அதுவாக இருக்கலாம். இந்த மாதிரிக் கிரீம்கள் 2018 முதல் மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கப்பட வேண்டியவை. சீட்டில்லாமல் கொடுத்தது கடையின் தவறு, உங்கள் தவறு இல்லை. டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும்.

சுருட்டை முடியை ஒட்ட வெட்டினால் நுனி வளைந்து தோலுக்குள்ளேயே திரும்பக் குத்தும். பொரி அதனால்தான் வருகிறது. நாலைந்து பிளேடு வைத்த விலையுயர்ந்த ரேசர் இதற்கு உதவாது, முடியை இன்னும் ஆழத்தில் வெட்டிவிடும். கொஞ்ச நாள் ரேசரை வைத்துவிட்டு, ட்ரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டட்டும். கழுத்து ஆறிய பிறகு ஒற்றை பிளேடில், முடி வளரும் திசையில், தோலை இழுக்காமல் ஷேவ் செய்யலாம். எந்தக் கிரீமும் அதற்குமுன் வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: குன்னூரில் ஒரு கடையில் ஷேவிங் கிரீமுக்கு அட்டையில் போட்ட விலைக்கு மேல் ஐந்து ரூபாய் கேட்டார்கள். 'கீழேயிருந்து லாரியில் ஏத்திக்கொண்டு வருகிறோம், வாடகை யார் கொடுப்பது' என்கிறார்கள். சரியா?

பதில்: சரியில்லை. எம்.ஆர்.பி. என்பது வரி உட்பட உச்ச விலை. மேட்டுப்பாளையத்தில் விற்றாலும் தொட்டபெட்டா உச்சியில் விற்றாலும் அதே விலைதான். லாரி வாடகை கடைக்காரரின் லாபக் கணக்கில் சேர வேண்டியது. இன்னொன்றும் கவனியுங்கள்: ஷேவிங் கிரீம், ஆஃப்டர் ஷேவ் லோஷன் இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. 22 செப்டம்பர் 2025 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. வரியில்லாமல் 100 ரூபாய் ஆகும் பொருள் முன்பு 118, இப்போது 105. பில்லில் பழைய வரி போட்டிருந்தால் கேளுங்கள்.

பில் கேட்டதுமே பாதிக் கடைகளில் அந்த ஐந்து ரூபாய் மறைந்துவிடும். மறையாவிட்டால் பில்லையும் அட்டையையும் பத்திரப்படுத்திக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடமும் எழுதிக் கொடுக்கலாம். எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பதை விசாரிப்பது அவர்கள் வேலை.