பையனை ராத்திரியில் வேன் ஏற்றி அனுப்பாதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. காரிமங்கலம் பக்கம் இருக்கிறோம். பிளஸ் ஒன் அரையாண்டுக்குப் பிறகு பள்ளிக்குப் போவதில்லை. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் துணியில் ஊற்றி முகர்கிறான். கஞ்சாவும் உண்டு என்கிறார் அவன் சித்தப்பா. பள்ளியில் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஓசூர் பக்கம் ஒரு மறுவாழ்வு மையம் இருக்கிறது, 90 நாளுக்கு 60,000 ரூபாய், ராத்திரி அவர்களே வேனில் வந்து தூக்கிப் போவார்கள், மூன்று மாதம் யாரும் பார்க்க வரக்கூடாது என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். கணவர் பெங்களூரில் கட்டட வேலை. அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா.

பெற்றவர்களே பார்க்க வரக்கூடாது என்கிற இடம் சட்டத்தை மீறி நடக்கிற இடம். போதைப் பழக்கத்தால் வரும் மனநலச் சிக்கலுக்கும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் பொருந்தும். அதன் 87-ஆவது பிரிவின்படி, 18 வயது நிரம்பாத பிள்ளையை உள்ளே சேர்க்க வேண்டுமானால், சேர்க்கும் அன்றோ அதற்கு முந்தைய 7 நாளுக்குள்ளோ இரண்டு பேர் அவனைத் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். அதில் ஒருவராவது மனநல மருத்துவராக இருக்க வேண்டும். பெரியவர்களோடு சேர்த்துத் தங்க வைக்கக் கூடாது. பெற்றோரோ, அவர்கள் அமர்த்தும் ஒருவரோ, அத்தனை நாளும் பிள்ளையோடு கூடவே தங்க வேண்டும். சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். சங்கிலியால் கட்டுவதற்கு யாருக்கும் அனுமதி கிடையாது. வேனில் வந்து தூக்குவது இதில் எங்கே வருகிறது?

அந்தத் தெரிந்தவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று எங்கே? மனநல மருத்துவரின் பெயர் என்ன, எந்தெந்த நாள் வருகிறார்? பையன் படுக்கும் அறையில் வேறு யார் படுப்பார்கள்? பெரும்பாலும் முதல் கேள்விக்கே பேச்சு மாறிவிடும். ஆள் பிடித்துக் கொடுப்பவருக்குக் கமிஷன் உண்டு என்பதை மறக்க வேண்டாம். முன்பணம் கேட்டால் பதிவு எண் அச்சடித்த ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இப்படிப்பட்ட இடங்களில் 16 வயதுப் பையனை 40 வயதுக் குடிகாரர்களோடு அடைக்கிறார்கள். சொல்யூஷன் மட்டும் தெரிந்து போனவன், ஊசியும் மாத்திரையும் கற்றுக்கொண்டு, பெற்றவர்கள் மேல் தீராத கோபத்தோடு திரும்புகிறான். பதிவு இல்லாத இடங்களை இழுத்து மூட அதிகாரம் இருப்பவர்கள், ஓர் உயிர் போய்ச் செய்தி வந்த பிறகுதான் பூட்டோடு வருகிறார்கள். அதுவரை உங்களை நீங்கள்தான் காத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நிலைமையில் உள்நோயாளியாகச் சேர்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. டேபென்டடால் போன்ற வலி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறானா என்று பாருங்கள். பையிலும் குளியலறையிலும் காலி மாத்திரை அட்டை, சிரிஞ்ச், முழங்கை மடிப்பில் குத்திய தழும்பு இருக்கிறதா? மாத்திரை கிடைக்காத நாளில் ஓயாத கொட்டாவி, மூக்கில் நீர், வயிற்றுப்போக்கு, கால் குடைச்சல், மயிர்க்கூச்சு வருகிறதா? இருந்தால் வீட்டில் அடைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் வேதனை உச்சத்துக்குப் போகும், கதவை உடைத்துக்கொண்டு ஓடுவான். அதைவிடப் பெரிய ஆபத்து பிறகு வரும். சில வாரம் நிறுத்திய உடம்பு பழைய அளவைத் தாங்காது. விட்டவன் மறுபடி பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். அதனால்தான் இந்த ஒரு வகைக்கு மருத்துவமனைப் படுக்கையும், வெளியே வந்த பிறகும் தொடரும் மருந்தும் தேவை. அதையும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். அங்கே முடியாது என்றால் பெங்களூரில் இருக்கும் மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்குக் கடிதம் வாங்குங்கள்.

சொல்யூஷனும் கஞ்சாவும் மட்டும் என்றால் வீட்டிலிருந்தே புறநோயாளியாகப் பார்க்கலாம். முகரும்போது பார்த்துவிட்டால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள், கை ஓங்காதீர்கள். அந்த ஆவி இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். அந்த நேரத்தில் திடுக்கிட்டாலோ ஓடினாலோ இதயம் நின்றுபோகக்கூடும், முதல் முறை முகர்ந்தவனுக்கும். துணியை மெதுவாக வாங்கி, ஜன்னலைத் திறந்து, பக்கத்தில் அடுப்போ பீடி நெருப்போ இல்லாமல் பார்த்து, உட்கார வையுங்கள். மயங்கினால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். கஞ்சாவை நிறுத்தினால் முதல் ஒன்றிரண்டு வாரம் தூக்கம் வராது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவான், பசிக்காது. அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு அடிக்கும் வீட்டில்தான் பையன் திரும்பவும் அதே கூட்டத்துக்குப் போகிறான். ராத்திரி ஒரு மணிக்கு என்ன செய்வது என்று தெரியாவிட்டால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், கட்டணம் இல்லை.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள். எங்கே போகிறோம் என்று பையனிடம் பொய் சொல்லாதீர்கள். அவனே ஒப்புக்கொள்ளும் ஒரு தொல்லையை, தூக்கமின்மையோ தலைவலியோ, காரணமாகச் சொல்லி அழைத்துப் போங்கள். மருத்துவர் அவனோடு தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே இருங்கள். பயமோ மனச்சோர்வோ அடியில் இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். அன்றைக்கு மருத்துவர் இரண்டே நிமிடம் பார்த்து மாத்திரை எழுதினால், ஆலோசகரிடம் அனுப்பும்படி வாய்விட்டுக் கேளுங்கள். முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை போக வேண்டியிருக்கும். கூலியை விட்டுவிட்டு வரும் தாய்க்கு அது எவ்வளவு பெரிய சுமை என்று தாலுகா மருத்துவமனையில் தினமும் ஒரு ஆலோசகரை உட்கார வைக்காதவர்களுக்குப் புரியவில்லை.

டி.சி. வாங்காதீர்கள். அடுத்த இடம் உறுதியாகாமல் டி.சி. கைக்கு வந்தால் பையன் எந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டான். அடுத்த வாரமே கம்பெனிக்கு ஆள் எடுப்பவர் வாசலுக்கு வருவார். ‘மருத்துவச் சிகிச்சையில் இருக்கிறான், பெயரை நீக்க வேண்டாம்’ என்று சீட்டின் நகலோடு தலைமை ஆசிரியருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் முதன்மைக் கல்வி அலுவலருக்கும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளிலும் மனு. புத்தகமே வேண்டாம் என்கிறானா, அரசு ஐ.டி.ஐ. பாருங்கள். பத்தாவது தேர்ச்சி இருந்தால் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் கேட்கலாம். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 1,000 ரூபாயும் கிடைக்கும். இடம் கிடைத்த அன்று டி.சி. வாங்கினால் போதும்.

போலீஸ் பிடித்தால், 18 வயதுக்குட்பட்டவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள், சிறுவர் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் நிறுத்த வேண்டும். கேஸிலிருந்து பெயரை எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள். சட்ட உதவி எண் 15100-ல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். பிள்ளைகளுக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவு. கொடுத்தது யார் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

இடையில் ஒருநாள் மறுபடி முகர்ந்துவிடுவான், அநேகமாக முதல் இரண்டு மாதத்துக்குள். அன்றைய தேதி, யாரோடு இருந்தான், கையில் காசு எப்படி வந்தது, முன்தினம் தூங்கினானா என்பதை மட்டும் ஒரு நோட்டில் குறித்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். உங்கள் கணவர் தினமும் ஒரே நேரத்துக்கு அவனிடம் போனில் பேசட்டும், படிப்பையும் போதையையும் எடுக்காமல், ஐந்து நிமிடம் போதும்.